விடியற்காலை ஜெர்மன் பாட்டு

முப்பதுகளில் ஒருநாள், கோலாலம்பூரிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் ரயிலில், எதிரே கிராணி எனப்படும் ஓர் ஆபீஸ் குமாஸ்தாவும் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறப் போகும் அவர் மனைவியும் இருந்தார்கள். நான் எழுந்து போயிருக்கலாம். ஒட்டுக்கேட்டேன், இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“நான் படிக்கிறது எண்ணூறு வருசத்துக்கு முந்தின ஜெர்மன். இப்ப ஜெர்மன்காரனுக்கே புரியாது.”

“அப்ப தினம் ராத்திரி அதைப் படிச்சு யார்கூடப் பேசப் போறீங்க? என்கூடப் பேச நேரமில்ல. அதான் போறேன்.”

“பேச இல்ல. பாட்டு படிக்க.”

“என்ன பாட்டு?”

“விடிஞ்சிருச்சு, அவன் கிளம்பணும். அவ போகாதேங்கிறா.”

“வாய்விட்டா சொல்றா?”

“ஆமா.”

“நீங்க எங்கிட்ட அப்படிச் சொல்லலியே.”

அவர் வெகுநேரம் ரப்பர் மரங்களைப் பார்த்திருந்தார். துறைமுகத்துக்கு முன்னதாகக் கிள்ளானில் வண்டி நின்றதும், அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கினார்.

“எறங்கு. போக வேணாம்.”

அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் காலால் துழாவினாள்.