பீரோவுக்குப் போக மிச்சம்

காப்பி போதும்மா, இது மூணாவது டம்ளரு. உக்காருங்க, உள்ள இன்னா அவசரம்? கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் கீதே. உங்க பொண்ணு இந்த பீரோவுல மூஞ்சி பாத்துக்கினு மாப்ளய மறந்துடும், அப்படி தேச்சி வெக்கிறேன்.

நாத்தமா? ஸ்பிரிட்டும்மா. இதுல அரக்க ஊறப்போட்டாத்தான் பாலிஷு. மரத்துல தடவுனா ஸ்பிரிட்டு காத்தோட பூடும், அரக்கு மட்டும் நிக்கும். என்கிட்ட மட்டும் அது காத்தோட போவல. தொண்டையில போச்சு.

சிரிங்க, பரவால்ல. போன வருசம் கவர்மெண்ட்டுல மதுவிலக்குன்னு சாராயக் கடையெல்லாம் மூடுனாங்களே, மயிலாப்பூர் குடிகாரனுங்கல்லாம் அழுதானுங்க. நான் ஏன் அழுவறேன்? என் கடை என் பையிலயே கீது. அத்த எப்படிக் குடிக்கிறதுன்னா கேக்கறீங்க? சொல்ல மாட்டேன், நல்ல குடும்பம் உங்கள்து. மாம்பலத்துல எட்டு வீட்டுல பீரோ மங்கிப்போய் நிக்குதும்மா. அத்தோட பளபளப்பெல்லாம் இந்தத் தனபாலன் வயித்துல.

ஒரு நாளு கண்ணே தெரியல. செண்பகம், என் சம்சாரம், இழுத்துக்கினு போயி கீழ்ப்பாக்கத்துல சேத்தா. ஆமா, அந்த ஆஸ்பத்திரிதான். பயப்படாதீங்க, கடிக்க மாட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் தன்ன மவுண்ட் ரோடு செலைன்னு நெனச்சிக்கினு கைய நீட்டிக்கினு நிப்பான். அவனே கைய எறக்கிட்டுக் கேட்டான்: இன்னா நைனா, பாலிஷயா குடிச்ச, பைத்தியமா உனக்கு?

அங்க ஒரு டாக்டரம்மா. குடிக்காத நேரத்துல இன்னா தோணுதுன்னாங்க. ஒண்ணும் தோணலயேன்னேன். சொல்லி முடிக்கல, அழுவ வந்துச்சு பாருங்க, மூக்கெல்லாம் ஒழுவுது. எங்க பாப்பா செத்து ஏழு வருசம். அன்னிக்குத்தான் அழுதேன்.

சரி வுடுங்க. குடிக்கணும்னு வந்தா யார்கிட்டயாவது பேசிக்கினே இருன்னு சொல்லி அனுப்புனாங்க. பஸ்ஸுல கண்டக்டராண்ட பேசுனேன். தேனாம்பேட்டைல எறக்கி வுட்டுட்டான்.

அஞ்சு மாசமா செண்பகம் கூடவே வருவா. நான் தேய்க்கத் தேய்க்க, பாட்டில மடியில வெச்சிக்கினு ஏட்டய்யா மாதிரி குந்திக்கினு இருப்பா. இன்னிக்கு நான்தான் வேணாம்னேன். கொழந்தயா நானு, தனியாவே போறேன்னு வாய வுட்டுட்டேன்.

இன்னாம்மா? மிச்சத்த என்னியே எடுத்துக்கினு போவச் சொல்றீங்களா? தெரியும், அதான் வழக்கம். மீந்தது பாலிஷ்காரனுக்கு. யார் வீட்டுலயும் அப்படித்தான் குடுப்பாங்க.

அதாம்மா. பீரோ மத்தியானமே முடிஞ்சிபோச்சு. நான் சும்மா துணியப் போட்டுத் தேச்சிக்கினு கீறேன். பாட்டில்ல பாதி கீது. அத்த வெச்சிக்கினு வூட்டுக்குப் போற வழியில பாலத்து மேல தனியா நடக்க முடியாது என்னால. நீங்களே எடுத்துக்கினு போயி பின்னால சாக்கடையில கொட்டிடுங்க. நான் இங்கியே நிக்கிறேன். போறப்ப எதுனா பேசிக்கினே போங்கம்மா, எனக்குக் கேக்கறாப்புல.