காமினி சொன்ன சாட்சி

பாஸ்டர்னு கூப்பிட மாட்டேன், தம்பின்னுதான் கூப்பிடுவேன், கோவிச்சுக்காதீங்க லா. முப்பத்தோரு வருசம் பிறை டவுனுல பெக்டரித் தொழிற்சங்கம் நடத்துனவன் நான். ஐயரு, டத்தோ, மந்திரி, யாரையும் பட்டம் போட்டுக் கூப்பிட்டுப் பழக்கமில்ல. டேரில் தம்பி, சரியா? உக்காருங்க. உங்க கிறிஸ்தவ யுனிவர்சிட்டி கேட்டுக்குள்ள இனிமே காலு வைக்க மாட்டேன். அதான் உங்கள இந்தக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ரோட்டுக்கு வரச் சொன்னேன். யூசுப் பாய், தம்பிக்கு ஒரு தே தாரேக். எனக்குக் கோப்பி ஓ, சீனி வேணாம்.

ஆமா, புகார் எழுதுனது நான்தான். கார்த்திகேசுன்னு கீழ முழுப்பேரு போட்டு, அடையாளக் கார்டு நம்பரும் போட்டுத்தானே அனுப்புனேன். மொட்டக் கடுதாசி எழுதற ஆளு நான் இல்ல. அத வாபஸ் வாங்கச் சொல்லிக் கேக்க வந்திருக்கீங்க. எம் மவ காமினிக்குப் படிப்பு முடியுது, அங்கயே ஹாஸ்டல்ல வேல குடுக்கப் போறீங்க, புதுசா வர்ற புள்ளைங்களப் பாத்துக்கற வேல. என் லெட்டரு டீன் மேசையில கெடந்தா அது நடக்காது. புரியுது லா. பெத்த அப்பனே மவ வயித்துல அடிக்கலாமான்னு கேக்கறீங்க. கேளுங்க. ஆனா நான் என்னா பாத்தேன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க.

பெத்தவங்களுக்கு அழைப்பு அனுப்புனது நீங்கதானே. ஆன்மிக வளர்ச்சி வாரமாம். நான் சாமி கும்புடாதவன், இருந்தும் வந்தேன். மவ படிக்கற எடம் இல்லியா. வெள்ளச் சட்டைக்கு அயன் போட்டு, அவ அம்மா சாந்தினியையும் கூட்டிக்கிட்டு, பெர்ரி ஏறி வந்தேன். புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு அறுநூறு புள்ளைங்க ஆராதனைக்கு வருது, வாசல்ல கார்டத் தட்டுது, டிங்குங்குது. மூணு வாரம் டிங்கு கேக்கலன்னா லெட்டர் வருமாமே. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. பெக்டரியில ஒரு கூட்டத்துக்கு நாப்பது பேரச் சேக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிரும். கேட்டுல நின்னு நோட்டீஸ் குடுத்தா, அதுலயே நாசி லெமாக் சோறு தின்ன எண்ணெயத் தொடச்சுப் போட்டுட்டுப் போவானுங்க. நீங்க ஒரு டிங்குல சாதிச்சிட்டீங்க. மொதலாளிக்கும் பஞ்ச் கார்டு, கர்த்தருக்கும் பஞ்ச் கார்டு.

அந்த நோட்டையும் பாத்தேன். காமினியேதான் காட்டுனா, பெருமையா. கடவுள் இந்த வாரம் என்கிட்ட என்னா பேசுனாருன்னு வாராவாரம் எழுதணும், குரூப் லீடரு படிச்சுட்டு டிக் போடணும். பாவம், ஒரு வாரம் ஒண்ணும் பேசலன்னு எழுதியிருக்கா. பக்கத்துல செவப்புப் பேனாவுல, இன்னும் கவனமா கேட்கவும்னு போட்டிருக்கு. எங்க பெக்டரியில வேல வாங்கற மண்டோரே தேவல லா.

அப்பறம்தான் சாட்சி. முன்ன எப்படிக் கெட்டுக் கெடந்தேன், இப்ப எப்படி நல்லாயிட்டேன்னு ஒவ்வொருத்தரா மேடையில வந்து சொல்றாங்க. ஒரு சீனப் பையன், ராத்திரி பகலா கேம் வெளயாடியே கெட்டிருக்கான். சரவாக்குப் பொண்ணு ஒண்ணு, சாப்புட்டத வாந்தி எடுத்து எடுத்தே எளச்சிருக்கா. கேம் பையனுக்குக் கைத்தட்டு கம்மி. வாந்திக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. எப்படி மார்க்கு போடறீங்கன்னு எனக்கு அப்பவே வெளங்கிருச்சு.

மூணாவதா காமினி வந்தா. எங்கப்பா சம்சு குடிகாரர்னு ஆரம்பிச்சா. சம்சு தம்பி. நம்ம ஆளுங்க கொடல் வெந்து சாவறானுங்களே, அந்த மலிவுச் சாராயம். குடிச்சா அவரு மனுசனாவே இருக்க மாட்டாருன்னா. கையத் தூக்கித் தழும்பக் காட்டுனா. அந்தப் போதையில அவரு என்ன செஞ்சாருன்னு அவருக்கே தெரியாது, நான் அவர மன்னிச்சிட்டேன்னா. அறுநூறு பேரும் ஆமென்னு அழுவுது. எனக்குப் பக்கத்துல ஒரு சீனம்மா. நான்தான் அப்பன்னு யாரோ காதுல ஓதிட்டாங்க. கண்ணத் தொடச்சிக்கிட்டே ஹேண்ட்பேக்க அந்தப் பக்கம் நவுத்தி வெச்சிக்கிச்சு.

ஒருத்தராச்சும் உண்மையான்னு கேட்டீங்களா? கேக்க மாட்டீங்க. தமிழ்ப் புள்ளையா, அப்பன் குடிகாரன். பாரத்துல இனம்னு இருக்கற கட்டத்துக்குப் பக்கத்துலயே அதையும் அச்சடிச்சிரலாம். நீங்களும் தமிழன்தானே, நீங்களே நம்புனீங்கல்ல. தலையக் குனியாதீங்க, தே தாரேக்கக் குடிங்க.

நான் ஒரு சொட்டு வாயில வெச்சதில்ல தம்பி. சம்சு கடைய மூடச் சொல்லி எட்டுப் பக்கத்துல புத்தகம் போட்டவன். புக்கிட் மெர்தாஜாம் சந்தை வரைக்கும் போயி, ஒவ்வொரு கையிலயும் நானே குடுத்தேன். கடைக்காரன் ஆள் வெச்சு அடிச்சான். இந்த முன்பல்லு ரெண்டும் கட்டுனது, பாருங்க. எத்தன பொம்பளைங்க எங்கிட்ட வந்து, அண்ணே, என் புருசன நிறுத்த வெச்சீங்கன்னு அழுதிருக்கு தெரியுமா. எனக்குன்னு இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். வீடு கூட அடுக்குமாடி, வாடக.

அவ சாட்சி சொன்னத எடுத்துப் போட்டீங்களே, அந்த வீடியோ மறுநாளே பிறைக்கு வந்துருச்சு. ஜெயராஜுன்னு ஒருத்தன், சங்கத் தேர்தல்ல ரெண்டு வாட்டி எங்கிட்டத் தோத்தவன், பாட்டில் படத்தப் போட்டு எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் தட்டி விட்டுட்டான். சங்கத்து ஆண்டு விருந்துல என் முன்னால ஒரு கிளாஸ் ஆரஞ்சுத் தண்ணிய வெச்சுட்டு, குடிங்கண்ணே, நாங்க ஒண்ணும் கலக்கல, வேணும்னா நீங்க கலந்துக்குங்கங்கறான். மேசையே சிரிக்குது. நான் சேத்து விட்ட பயலுங்க, நான் வேல வாங்கிக் குடுத்த பயலுங்க.

அதனாலதான் மவ பொய்ச் சாட்சி சொன்னான்னு லெட்டரு போட்டேன். அதுல கேட்டதையே இப்பவும் சொல்றேன், அதே மேடை, அதே புதன்கிழமை, அதே மைக்கு. எங்கப்பா குடிச்சதே இல்லன்னு அவ வாயால சொல்லணும். அதையும் வீடியோ எடுத்துப் போடணும். அப்ப வாபஸ் வாங்கறேன்.

என்னா? ஒத்துக்கிட்டாளா? எப்ப, நேத்தா? அழுதாளா. அழட்டும்.

பொய்ச் சாட்சி சொன்னேன்னு அவளே மேடையில ஒத்துக்கிட்டா அந்த வேல கெடைக்காதா? உங்க சட்டம் அப்படின்னா போவட்டும் தம்பி. பிறையில பெக்டரி இருக்கு, ஷிப்டு இருக்கு. அப்பன் நின்ன எடத்துல மவளும் நிக்கட்டும். எங்கிட்டப் பேரம் பேசாதீங்க, உங்கள விடப் பெரிய மேனேஜருங்களப் பாத்துட்டேன்.

வேற என்னா கேட்டா? சொல்லுங்க, ஏன் முழுங்கறீங்க.

குடி இல்லன்னா அப்ப கைக்கு என்னா சொல்றதுன்னு கேட்டாளா.

கை உண்மைதானே லா. அது பொய்யின்னு நான் எங்க சொன்னேன்? லெட்டர எடுத்துப் பாருங்க, கையப் பத்தி ஒரு வரி இருக்காது. அவ அஞ்சாம் பாரம் படிக்கறப்ப, பதினேழு வயசு. ஞாயித்துக்கெழம, காலையில பத்து மணி. நான் குளிச்சு, பேப்பர் படிச்சு முடிச்சு உக்காந்திருக்கேன். தோசைய முன்னால வெச்சிக்கிட்டுக் கண்ண மூடிக் கும்புடறா. எவளோ கூட்டாளி பழக்கி விட்டிருக்கா. என் வீட்டுல, நான் ஒழச்சுப் போட்ட சோத்துக்கு, நன்றி வேற எவனுக்கோ. கண்ணத் தொறன்னேன். தொறக்கல. நிதானமா முடிச்சு, ஆமென்னு சொல்லிட்டுத்தான் தொறந்தா. எழுப்பிக் கூட்டிக்கிட்டுப் போயி அவ கையத் தோசைக்கல்லுல வெச்சேன். பத்து எண்ணுனேன். அவ சத்தமே போடல, சாந்தினிதான் போட்டா.

அன்னிக்கி உங்க கூட்டம் முடிஞ்சு திரும்பறப்ப பெர்ரியில சாந்தினி சொல்றா, குடிச்சிட்டுச் செஞ்சாருன்னாத்தான் ஜனம் உங்கள மன்னிக்கும், அதுக்குத்தான் புள்ள அப்படிச் சேத்துச் சொன்னுச்சுன்னு. அதுக்கப்பறம் சாந்தினி எங்கூடப் பேசறதில்ல. பேச வேணாம். எனக்கு எவன் மன்னிப்பு வேணும்? செஞ்சத செஞ்சேன்னு சொல்ற தெம்பு எனக்கு இருக்கு. போதையில செஞ்சான், தெரியாம செஞ்சான்னு என்னைய ஏன் கேவலப்படுத்தணும்? நான் தெளிவா இருந்தேன் தம்பி. அதையும் மைக்குல சொல்லச் சொல்லுங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க, நம்பிக்கை வரலியா? அது நடந்த அடுத்த வாரம் அவளுக்கு எஸ்பிஎம், பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரிச்ச. எழுதற கைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதேன்னு, எடது கையாப் பாத்துத்தான் புடிச்சேன். குடிச்சவன் அதெல்லாம் பாப்பானா, நீங்களே சொல்லுங்க.