நாற்பத்தொரு விமர்சனங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் காலைச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன்பே முடித்துவிடுவது என் வழக்கம், ஐயா. மென்றுகொண்டே ரேடியோ கேட்டால் பாதி காதில் விழாது. எட்டிலிருந்து பத்து வரை பண்பலையில் ‘மனம் விட்டு’ நிகழ்ச்சி. கலையரசன் என்பவர் ஒரே ஒரு பிரபலத்தை எதிரில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் பேசுவார். நடுவில் பாட்டுக்கூடக் கிடையாது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஜீப்பில் வரும்போது உங்கள் ஏட்டு என்னிடம் முதலில் கேட்டதே அந்த நகைச்சுவை நடிகரின் பேட்டியைப் பற்றித்தான். தனகோடி செத்ததைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டார்.

நான் மரக்காணத்தில் உப்பளம் ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவன். அது வயிற்றுக்கு. மனதுக்கு எழுத்து. ‘கரையோரம்’ வார இதழில் ஒவ்வொரு வாரமும் அந்தப் பேட்டிகளை விமர்சனம் செய்து எழுதினேன். அனுமந்தை புருஷோத்தமன் என்று பெயர் போடுவார்கள். சுனாமிக்கு அடுத்த மார்ச்சில் ஆரம்பித்து இந்த ஜனவரி முதல் வாரம் வரை நாற்பத்தொரு விமர்சனங்கள். எந்தப் பிரபலம் எந்த இடத்தில் உண்மை பேசினார், எந்த இடத்தில் பூசி மெழுகினார் என்று பிட்டுப் பிட்டு வைப்பேன். கிளியனூர் டீக்கடையில்கூட அதை வாய்விட்டுப் படிப்பார்களாம். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, மறைப்பானேன்.

தனகோடியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் உப்பளத்தில் கூடை தூக்கியவள். பாத்தியில் வாரிய உப்பைத் தலையில் சுமந்து வந்து வரப்பு மேட்டில் கொட்டுவது அவள் வேலை. படிப்பு கிடையாது. கூடைக்காரப் பெண்கள் கேட்கட்டும் என்று கொட்டகைக் கம்பத்தில் நான்தான் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். ஒரு ஞாயிறு, பெரிய நடிகர் ஒருவர் இறந்துபோன தன் அம்மாவைப் பற்றிச் சொல்லி விம்மினார். பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும்தான். தனகோடி மட்டும் உப்பைக் கொட்டிவிட்டு, “எச்சி முழுங்காம அழுவுறான் சாரு, இவன் அழல” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேசட்டில் பதிவு செய்திருந்தேன், திரும்பப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். அது எப்படித் தெரிந்தது என்று கேட்டபோது சிரித்தாள்.

“தலைல கூடை இருக்கும்போது திரும்பிப் பாக்க முடியுமா சாரு? முன்னாடி போறவ, பின்னாடி வர்றவ எல்லாரையும் கொரல வச்சுத்தான் தெரிஞ்சுக்கணும். எவ காய்ச்சலோட வந்திருக்கா, எவ வூட்ல அடி வாங்கிட்டு வந்திருக்கா, எல்லாம் கொரல்லயே தெரிஞ்சுடும்.”

அந்த வாரம் என் முதல் விமர்சனம் வந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நிகழ்ச்சி முடிந்ததும் அவளைக் கொட்டகைக்குக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பேன். அந்த நகைச்சுவை நடிகரைப் பற்றி, “இவரு சொல்றது நெசம். நெசம் சொல்றவங்க தடுமாறுவாங்க, ஊரு பேர மறந்துட்டுத் தேடுவாங்க. பொய்யிதான் தண்ணி மாதிரி ஓடும்” என்றாள். பின்னணிப் பாடகி ஒருவர் கணவரைப் புகழ்ந்தபோது, “மூச்சு மேலயே நிக்குது, அந்தப் பொண்ணு பயந்துகிட்டுப் பேசுது” என்றாள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பாடகியின் விவாகரத்து செய்தி பத்திரிகைகளில் வந்தது. இதழாசிரியர் எனக்குப் போன் செய்து, உங்களுக்குக் காதில் கண் இருக்கிறதா என்று கேட்டார். இதெல்லாம் வெறும் பேச்சு, ஐயா. பேச்சை வாக்கியமாக்குவது வேறு வேலை. மழை மாதங்களில் உப்பளம் மூடிக்கிடந்தபோதும் நான் ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். மகள் அமராவதி, அவளும் எங்கள் உப்பளத்தில் கூடைக்காரிதான், காபி கொடுப்பாள். மரியாதையான குடும்பம்.

டிசம்பர் கடைசியில் கலையரசனே போன் செய்தார். பொங்கல் கழிந்த வாரம் ‘மனம் விட்டு’ நிகழ்ச்சிக்கு நானே விருந்தினர். நேரடி ஒலிபரப்பு, இரண்டு மணி நேரம். இன்னும் ஒலிபரப்பாகாத பேட்டி ஒன்றின் பதிவைப் போடுவார்களாம், நான் கேட்டுவிட்டு அங்கேயே எது உண்மை, எது பொய் என்று சொல்ல வேண்டுமாம். நான் சரி என்றேன்.

ஆசையில் தனகோடியிடம் சொன்னேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

“அப்ப நானும் வர்றேன் சாரு.”

“நீ வந்து என்ன பேசப்போற?”

“நான் ஒண்ணும் பேச வேணாம். நீங்களே பேசுங்க. நடுவுல ஒரு வாட்டி, இதெல்லாம் தனகோடி சொன்னதுன்னு சொல்லிடுங்க. அவ்ளோதான். எம்பேரு ரேடியோல வரட்டுமே.”

பார்க்கலாம் என்றேன். மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். பழைய கேசட்டுகளை எடுத்து நான் தனியாகவே கேட்டுப் பழகினேன். என் காதுக்கு எல்லோரும் நல்லவர்களாகவே தெரிந்தார்கள். ஒரு வாரம் இப்படி. பயந்துபோனேன், ஐயா. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அவள், “நீங்க சொல்லலன்னா நானே பஸ் ஏறிப் போயி அந்தாளுகிட்ட சொல்லிடுவேன்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் செய்வாள். நாற்பத்தொரு வாரம் கட்டிய பெயர், ஒரு பஸ் டிக்கெட்டில் போய்விடும். என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

இங்கே உப்பள வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். போன வருஷத்து உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடியிருப்போம். மழைக்காலம் முழுக்க ஈரம் குடித்து, பிறகு வெயில் பட்டு, மேல்பக்கம் ஓடு மாதிரி இறுகிவிடும். அதை மூடி என்போம். லாரிக்கு உப்பு அள்ளும்போது கீழேயிருந்து தோண்டித் தோண்டி எடுப்பார்கள். உள்ளே குகையாகிவிடும், மூடி மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதனால் தினமும் சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது கடப்பாரையால் மூடியைத் தட்டி உள்ளே விழவைத்துவிட வேண்டும். இந்தக் கரையில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விதி இது. தட்டச் சொல்வது மேற்பார்வையாளன் பொறுப்பு. அன்றைக்கு நான் சொல்லவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், கிளம்புங்கள் என்று ஆட்களை அனுப்பிவிட்டேன்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பொங்கல் பானைக்கு அம்பாரத்தின் நடுவயிற்றிலிருந்து ஒரு முறம் வெள்ளை உப்பு எடுத்துக்கொள்வது கூடைக்காரப் பெண்களின் உரிமை. முதலில் எடுப்பவளுக்குத்தான் நல்ல உப்பு கிடைக்கும், அதற்கே சண்டை நடக்கும். நான் தனகோடியிடம், நாளைக்கு ஆறரைக்கு வா, மற்றவர்கள் ஏழரைக்குத்தான் வருவார்கள், நீயே முதலில் எடுத்துக்கொள் என்றேன். ரேடியோவில் என்ன பேசுவது என்றும் அப்போதே முடிவு செய்துவிடலாம் என்றேன்.

வந்தாள். புது முறம் கொண்டுவந்திருந்தாள். குகை வாயில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“மூடி தட்டியாச்சா சாரு?”

“தட்டியாச்சு. தளர்ந்ததெல்லாம் விழுந்துடுச்சு, மேல நிக்கிறது கெட்டி, போ.”

என் குரலையும் அவள் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். தண்ணீர் மாதிரிதான் சொன்னேன். ஒரு நொடி நின்றாள், பிறகு குனிந்து உள்ளே போனாள். என்னிடம் அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றதே கிடையாது. நான் அவளுக்கு ரேடியோவில் பேசுகிறவன் இல்லை, அவளுடைய ‘சாரு’.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு பக்கத்து வரப்பில் ஏறி மூடியை மூன்று முறை தட்டினேன். செய்ய வேண்டிய வேலைதான் அது, நேரம்தான் மாறியது. இரண்டாவது தட்டிலேயே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். மூன்றாவது, சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்கு. பெரிய சத்தமெல்லாம் இல்லை.

உடனே எல்லாம் முடிந்துவிடவில்லை. உள்ளேயிருந்து கூப்பிட்டாள். “சாரு, நான் உள்ள இருக்கேன்.” நான் தெரியாமல் தட்டிவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்சம் பொறுத்து, “சாரு, அமராவதிய கூப்பிடுங்க” என்றாள். நான் வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாற்பத்தொரு வாரம் எத்தனையோ குரல் கேட்டிருக்கிறேன், ஐயா. உண்மைக் குரல் எப்படி இருக்கும் என்று யார் உதவியும் இல்லாமல் எனக்கே தெரிந்தது அன்றைக்குத்தான். அந்த வகையில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது.

சத்தம் நின்ற பிறகும் கால் மணி நேரம் இருந்தேன். அதற்குப் பிறகு கடைசிப் பாத்திப் பக்கம் இருக்கும், தண்ணீர் இறைக்கும் எஞ்சின் கொட்டகைக்கு நடந்தேன். ஏழரைக்கு ஆட்கள் வந்து முறத்தின் விளிம்பைப் பார்த்துக் கத்தியபோது அங்கிருந்து ஓடி வந்தேன். வெறுங்கையால் உப்பைத் தோண்டினேன். விரலெல்லாம் கிழிந்து எரிந்தது. அமராவதி என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் கிடையாது, எச்சில் விழுங்கித்தான் அழுதேன். எஞ்சின் கொட்டகையில் இருந்ததால் எதுவும் காதில் விழவில்லை என்று உங்களுக்கு அப்போது எழுதிக் கொடுத்தேன். நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். உங்கள் மேல் குறை சொல்லமாட்டேன்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி என் பேட்டி. கலையரசன் பதிவைப் போடப் போனபோது, என்னுடன் உட்கார்ந்து ரேடியோ கேட்ட ஒரு கூடைக்காரப் பெண் பொங்கலுக்கு முன்னால் இறந்துவிட்டாள், இன்று யார் குரலையும் எடைபோட எனக்கு மனம் வரவில்லை என்றேன். அவர் பதிவை எடுத்து வைத்துவிட்டு அவளைப் பற்றிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தனகோடி என்று பெயரையும் சொன்னேன். அவள் கேட்டது அதுதானே, கொடுத்துவிட்டேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை பேட்டிகளைக் கேட்டவன் என்பதால் எனக்கு ஒரு குறை தெரிந்தது. அழுத்தமாக ஓர் உண்மை விவரம் இல்லாவிட்டால் பேட்டி நிற்காது. அதனால், “சாரு, நான் உள்ள இருக்கேன்னு அவ கூப்பிட்ட கொரலு இன்னும் என் காதுலயே இருக்குதுங்க” என்றேன். வந்ததிலேயே சிறந்த பேட்டி என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் போன் செய்தார்களாம்.

அமராவதி போன் செய்யவில்லை. நான் கட்டிய அதே ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே உங்களிடம் நடந்து வந்திருக்கிறாள். எஞ்சின் கொட்டகையில் இருந்தவருக்கு அம்மா கூப்பிட்டது எப்படிக் கேட்டது என்று அவள் கேட்டதாகச் சொன்னீர்கள். இன்னொன்றும் சொன்னாளாம். “அம்மா செத்ததச் சொல்லும்போது இந்தாளு ஒரு எடத்துலகூட தடுமாறல சார்.” நல்ல காது. அவள் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை ஏட்டு வாசித்துக் காட்டினார். கடப்பாரை, மூன்று தட்டு, கால் மணி நேரம், எல்லாம் சரியாக இருக்கிறது. நான் வேண்டுமென்றே கொன்றேன் என்பதும் சரிதான். முதல் பக்கத்தில் மட்டும் ஒரு தவறு. ‘இறந்துபோன தனகோடி சொல்லச் சொல்ல வார இதழில் எழுதிவந்த புருஷோத்தமன்’ என்று என்னைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அமராவதி சொன்னதை அப்படியே போட்டிருப்பீர்கள். கொலைக்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுங்கள். அந்த நாற்பத்தொன்றும் நான் எழுதியவை.