லெப்ட் ஸ்பீக்கர் ஏன் முனகுது?

சஹாபுதீன்: மூணாவது வாட்டி வர்றேன் ஆதிகேசவண்ணே. இந்த ஹோம் தியேட்டரை வித்த பாவத்துக்கு, எம் பேரை உங்க ரேசன் கார்டுலயே சேத்துடுங்க.

ஆதிகேசவன்: சேத்துக்கலாம் பாய். மொதல்ல அந்த லெப்ட் ஸ்பீக்கருக்கு இன்னா ஜுரம்னு பாரு. முனகிகினே கீது.

சஹாபுதீன்: செவப்பு, வெள்ளை பின்னுதான் சரியில்லன்னீங்க. டி.வி.டி.லேர்ந்து டிஜிட்டலா ஆப்டிகல் வயரே இழுத்துட்டேன். நுனில லைட்டு எரியுது பாருங்க...

ஆதிகேசவன்: எரியுது. சாம்பிராணி போடவா?

கங்கம்மா: போடுய்யா. காக்களூர்ல தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல பதினெட்டு வருசமா கேட்ட சத்தம் பத்தாதுன்னு, ஊட்டுக்கும் அஞ்சு ஸ்பீக்கர் வாங்கினு வந்த புருசன்!

ஆதிகேசவன்: ஆறு. உன்னை உட்டுட்டியே.

கங்கம்மா: தோ... டீ போடப் போறேன். அதையாவது ஆப் பண்ணாம குடி.

சஹாபுதீன்: அண்ணே, டெஸ்ட் பட்டனை அமுக்குறேன். ஒண்ணொண்ணா 'உஸ்ஸு'ன்னும். ரைட்டு?

ஆதிகேசவன்: ஜோரா கேக்குது.

சஹாபுதீன்: லெப்ட்டு?

ஆதிகேசவன்: கெணத்துக்குள்ள உழுந்தாப்ல கீது.

சஹாபுதீன்: சரி, ரெண்டு ஸ்பீக்கரையும் எடம் மாத்திட்டேன். இப்ப?

ஆதிகேசவன்: இப்பவும் லெப்ட்டுதான்! நல்லா இருந்ததையும் கெடுத்துட்டியே பாய்.

சஹாபுதீன்: அப்ப கெட்டுப்போனது ரைட்டுக்குப் போனதும் எப்படிண்ணே பொழைச்சிகிச்சி?

ஆதிகேசவன்: ...மிசினு கோளாறா இருக்கும்.

சஹாபுதீன்: நான் எதையும் தொடல. நீங்க மட்டும் டி.வி.க்கு முதுகு காட்டி உக்காருங்க.

ஆதிகேசவன்: முதுகாலயா படம் பாக்கணும்?

சஹாபுதீன்: உக்காருங்கண்ணே. இப்ப எது முனகுது?

ஆதிகேசவன்: ...இத்தினி நேரம் நல்லாக் கேட்டுதே, அது.

சஹாபுதீன்: இப்ப அதானே உங்க எடது காதுப் பக்கம் கீது... அண்ணே...

ஆதிகேசவன்: மெதுவாப் பேசு பாய். உள்ள கீறா.

சஹாபுதீன்: எப்பலேர்ந்துண்ணே?

ஆதிகேசவன்: போன தீபாவளிலேர்ந்து. ஸ்பீக்கரு கோளாறாவே இருந்துடக் கூடாதான்னுதான் உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்ட்டேன்... திங்கக்கெழமை கம்பெனில காது டெஸ்ட்டு. அப்பால பிரஸ்ஸாண்ட நிக்க உடமாட்டான். கங்காகிட்ட மட்டும் சொல்லிடாத. ஒடஞ்சி பூடுவா.

கங்கம்மா: டீ எடுத்துக்கோ பாய்... யோவ், தீபாவளி இல்ல. அதுக்கு முன்னாடி ஆடி மாசம். அதுலேர்ந்து உன் வலது பக்கமாவே நின்னுகினு பேசறேன். இல்லாங்காட்டி, நான் திட்டினதெல்லாம் வீணாப் பூடாது?