வான் பாயும் வழி

— அதில நில்லுங்கோ அத்தான். அந்தக் கல்லைத் தாண்டினியளெண்டா சுடுவன்.

— கோணேசைச் சுட்டது காணாதோடா உனக்கு? தொடையில ஓட்டை. லாண்ட்மாஸ்டர் உழவு மிசின் பெட்டிக்குள்ள கிடந்து மாடு மாதிரிக் குழறுறான்.

— அவனுக்கும் இதைத்தான் சொன்னனான். கேக்கேல்லை. அடுக்கு முழுக்கச் சரிய அடிமூட்டையில கயிறு கட்டினவன், இழுக்க முதல் விழுந்திட்டான். கயிறு உந்தா கிடக்கு. தொட்டியளெண்டா உங்களுக்கும் அதே வெடிதான்.

— சிவம், சொல்லுறதைக் கேளடாப்பா. ஒருக்காத் திரும்பிக் குளத்தைப் பார்.

— விடியத்தொட்டு அதைத்தானே பாத்துக்கொண்டு நிக்கிறன்.

— அலை கட்டுக்கு மேலால அடிக்குது. துருசுக் கதவு ரெண்டையும் முழுக்கத் திறந்தாச்சு, வாற வெள்ளத்துக்கு அது யானைப்பசிக்குச் சோளப்பொரி. துருசடியில கட்டு வெளிப்பக்கத்தால சேறு கக்குது. மிச்சத் தண்ணி வழியிற இந்த வான்கட்டுக்கு மேல அடுக்கின மண்மூட்டையளைத் தள்ளினாத்தான் தண்ணி இறங்கும். இல்லையோ, குளம் உடைக்கும்.

— மூட்டையைத் தள்ளினா வான் எதுக்கால பாயும்? அதையும் உங்கட வாயால சொல்லுங்கோவன்.

— உன்ர வயலுக்கால.

— வயலுக்கால மட்டுமோ?

— வீட்டுக்காலயும்தான்.

— ஆ. குளத்துத் தண்ணிக்குப் பொறுப்பான வட்டவிதானையார் ஒருமாதிரி உண்மையைக் கக்கிட்டார்.

— அது வான் வாய்க்காலடா! குளம் எண்டு ஒண்டு கட்டின நாள் தொட்டு மிஞ்சின தண்ணி போற வழி. அதுக்குள்ள போய் வேலி அடைக்காத, வீடு கட்டாத எண்டு எத்தினை தரம் தலையால அடிச்சனான்?

— அடிச்சியள். வேற இடம் காட்டினியளோ? அப்பு வெட்டின காணியைச் சுத்தி ஆமியின்ர முள்ளுக்கம்பி. கிட்டப் போனா, ஆர் நீ எண்டு கேக்கிறாங்கள். நான் ஆர் எண்டு எனக்கே தெரியேல்லை அத்தான். உந்தப் பத்தையை நான் தனிய வெட்டினனான். பாம்பு ரெண்டு தரம் கடிக்கப் பாத்தது. நீங்கள் ஒரு கத்தியைத் தூக்கிக்கொண்டு உதவிக்கு வந்தியளோ?

— வரேல்லைத்தான்.

— இந்த மூட்டையளை அடுக்கினது ஆர்? சிறுபோகத்துக்குத் தண்ணி காணாதெண்டு ஊரே சேந்துதானே அடுக்கினது? அப்ப எல்லாருக்கும் இனிச்சது. இப்ப கூடினதும் என்ர தலையிலதான் ஊத்தவேணும், என்ன?

— ஊத்த ஆசைப்பட்டோ வந்தனான்? கீழ நாப்பது குடும்பம் இருக்கடா.

— இருந்தா எழும்பிப் போகட்டும்! எங்களுக்கு எழும்புறது பழக்கமில்லாத விசயமோ? ஒவ்வொருத்தன் வந்து எழும்பு எழும்பு எண்டேக்க எல்லாம் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு எழும்பினனான். கடைசியாய் எழும்பேக்க என்ர மனிசி மலர் எழும்பேல்லை. பங்கருக்குள்ளயே அவளை மூடிப்போட்டு ஓடி வந்தனான். இனி எழும்பமாட்டன். ஆருக்காகவும். கடவுள் வந்து சொன்னாலும் அவருக்கும் வெடிதான்.

— சிவம்...

— நெல்லுக் கதிர் மஞ்சளடிச்சு நிக்குது அத்தான். நீங்கள் பாத்தனியளோ? வந்து பாத்தனியளோ ஒருக்காலாவது?

— பாத்தனான். போன வெள்ளிக்கிழமை. நீ நித்திரை. வரம்பில நிண்டு பாத்தனான். உன்ர வயல் மாதிரி இந்த வட்டாரத்திலயே இல்லை.

— பிறகென்ன?

— பிறகென்னவோ? சனத்தால எழும்ப ஏலாதடா! ரோட்டுப் பாலத்தை ஆறு மூடிட்டுது. எல்லாரும் கோயில் மடத்துக்குள்ள நிக்குதுகள். மடம் கட்டுக்கு நேர கீழ. உடைச்சா ஒரு குஞ்சு மிஞ்சாது. கொம்மாவும் அங்கதான்.

— அம்மாவை நேற்றைக்கே டிரக்டரில ஏத்திவிட்டாச்சு.

— பாலத்தடியில திரும்பி வந்திட்டுது டிரக்டர்.

— விசர்க்கதை கதையாதேங்கோ. அம்மாவைச் சொன்னா நான் துவக்கைக் கீழ வைப்பன் எண்டு நினைச்சியளோ? ஊர்ச்சனத்துக்காகப் பெத்த தாயின்ர பேரிலயும் பொய் சொல்லுவியள் நீங்கள்.

— என்ர கண்ணாணை.

— உங்கட கண் எனக்கெதுக்கு? பின்னுக்குப் போங்கோ.

— போகமாட்டன். சுடுறதெண்டாச் சுடு. இந்த மழைக்கு உன்ர கட்டுத்துவக்கு வெடிமருந்தெல்லாம் களியாகியிருக்கும்.

— அத்தான், கல்லைத் தாண்டிட்டியள்.

— தாண்டிட்டன்.

— அக்காவை நினைச்சாவது நில்லுங்கோ எண்டுறன்!

— நீ நினைக்கிறியோ அவளை? உன்னைத் தூக்கி வளத்தவளடா அவள். தள்ளு அங்கால... ஐயோ! அம்மா! சுட்டுட்டியேடா! என்ர தோள்... டேய் பாவி, என்னைச் சுட்டுட்டியேடா!

— நெஞ்சுக்குத்தான் பிடிச்சனான். மழைத் தண்ணியில துவக்கு வழுக்கிட்டுது.

— இனி மருந்து அடைச்சுச் சுட நான் விடுவனோ? வா! வாடா இஞ்ச!

— மண்வெட்டியை எறியுங்கோ! எறியுங்கோ எண்டுறன்! இந்தாங்கோ... காணுமோ? இன்னும் வேணுமோ?

— துவக்குச் சோங்கால மண்டையிலயோடா அடிக்கிறாய்? இந்தா! இந்தா உனக்கு!

— ஆ... முழங்கால்! ஐயோ முழங்கால் போட்டுது!

— விடு... கழுத்தை விடு... சிவம்... மூச்சு...

— செத்துப் போங்கோ! எல்லாரும் சேந்து செத்துப் போங்கோ! மலர் செத்தவள்தானே, நீங்கள் மட்டும் ஏன் இருக்கிறியள்?

— பின்னுக்கு... பின்னுக்குப் போகாத... பாசியடா, வழுக்குது... சிவம்! சிவம்!

— அத்தான்!

— எங்கடா நிக்கிறாய்? தெரியுதில்லை!

— இஞ்ச, கீழ. வான்கட்டுக்கு வெளிப்பக்கம் விழுந்திட்டன். காலை ஊண்டேலாது. மூட்டையைப் பிடிச்சுக்கொண்டு தொங்குறன். கை தாங்கோ.

— பொறு. பொறு, குனியிறன். இந்தக் கை தூக்கேலாது, மற்றக் கையைத் தாறன்.

— கெதியா. மூட்டைக்கு மேலால தண்ணி வழியுது. மூக்குக்குள்ள போகுது.

— கேக்குதோ உனக்கு? கோயில் மணி.

— பூசையாக்கும்.

— இந்த நேரத்தில என்ன பூசை? துருசடியில கட்டு இறங்கினா அடிக்கச் சொன்னனான். இறங்குதடா. அங்க பார்... உனக்குத் தெரியாது. ஐயோ, கட்டுத் தலைப்பு வெடிச்சு இறங்குது சிவம்!

— முதல் என்னைத் தூக்குங்கோ!

— தூக்குறன். தூக்கினா, மூட்டையை இழுக்க விடுவியோ?

— அது வேற கதை.

— வேற கதை இல்லையடா, அதுதான் கதை! எனக்கு மிச்சம் ஒரு கைதான். உன்னோட இன்னொருக்கா மல்லுக்கட்ட என்னால ஏலாது. குறுக்க வரமாட்டன் எண்டு ஒரு சொல் சொல்லு. இப்பவே ஏத்துறன்.

— மாட்டன்.

— சிவம், உன்ர காலில விழுந்து கேக்கிறன்.

— ஏறினனெண்டா அந்த மண்வெட்டியை எடுப்பன் அத்தான். நடக்கேலாட்டித் தவண்டு வந்தெண்டாலும் எடுப்பன். அந்த வீட்டில ஒவ்வொரு கல்லும் நான் அரிஞ்ச கல்.

— பொய்யெண்டாலும் சொல்லடா! பொய்க்கெண்டாலும் சரி எண்டு சொல்லு, நான் நம்புறன்!

— உங்களுக்கு நான் எப்ப பொய் சொன்னனான்? அக்காவுக்கு உங்களைக் கலியாணம் பேசேக்க ஊரெல்லாம் உங்களை மேலுக்கும் கீழுக்கும் புகழ, இவர் குடிக்கிறவர்தான், ஆனா நல்ல மனுசன் எண்டு அம்மாவுக்கு முகத்துக்கு நேர சொன்னவன் நான் ஒருத்தன்தான்.

— ஓமடா. நீ ஒருத்தன்தான்.

— கை தாங்கோ.

— மணி இன்னும் அடிக்கிறாங்கள்.

— கை எங்க அத்தான்? ஏன் எழும்புறியள்?

— கொம்மா மடத்துக்குள்ளதான் இருக்கிறா சிவம். நான் பொய் சொல்லேல்லை.

— அத்தான், அது அடிமூட்டையின்ர கயிறு. ஏன் அதை எடுக்கிறியள்? கையில சுத்தாதேங்கோ. அத்தான், நான் இதிலயெல்லே தொங்குறன்!

— கண்ணை மூடடா, ராசா.

— அத்தான்! என்னைப் பாருங்கோ! பாருங்கோ என்னை! அத்தா...

— இஞ்சாருங்கோ... இஞ்சாருங்கோப்பா! எழும்புங்கோ. எவ்வளவு நேரமா இந்தச் சேத்துக்குள்ள குந்திக்கொண்டு இருக்கப்போறியள்?

— ரூபி. கட்டு...

— கட்டு நிக்குது. தண்ணி முழங்கை அளவு இறங்கிட்டுது. பெடியள் துருசடியில மரமும் மண்ணும் போட்டு இறுக்கிறாங்கள். இனிப் பயமில்லையாம்.

— சனம்?

— ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. கஞ்சி காச்சுதுகள். மழை வெளிச்சிருக்கு, பாக்கேல்லையோ நீங்கள்? தோளைக் காட்டுங்கோ. சன்னம் உள்ளுக்குத்தான் நிக்குது. அசையாதேங்கோ, சீலையில ஒரு துண்டு கிழிக்கிறன்.

— நோகுதடி.

— நோகட்டும். பல்லைக் கடியுங்கோ. தம்பியின்ர வீடு போட்டுது. கூரை மட்டும் தேக்கங்காட்டுக்குள்ள சாஞ்சு கிடக்கு.

— ம்.

— தம்பி எங்க?

— ரூபி...

— கேக்கிறனெல்லே. என்ர தம்பி எங்க?

— அவன் கடைசியில மனம் மாறிட்டான். கட்டு இறங்குது எண்டோடன துவக்கை எறிஞ்சுபோட்டான். எனக்குத் தோள் ஏலாதெண்டு தானே இறங்கிக் கயித்தைப் பிடிச்சான். முதல் மூட்டையை இழுத்தது அவன்தான். நான் எட்டிப் பிடிக்க முதல் தண்ணி கொண்டுபோட்டுது.

— அப்பிடியோ.

— ஓம்.

— கையைக் கொஞ்சம் உயத்துங்கோ. முடிச்சுப் போடவேணும்.

— நீ அழன், ரூபி. அழடி. இப்பிடி இருக்காத.

— பிறகு அழுவன். மணி கேட்டோடன நான் கட்டால ஓடி வந்தனான். அவன் மூட்டையில தொங்கேக்க நான் அந்த முதிரை மரத்தடியில நிண்டனான். நீங்கள் கயித்தைக் கையில சுத்துறதைக் கண்டனான். நிப்பாட்டுங்கோ எண்டு கத்த வாயைத் திறந்தனான். பிறகு மூடிட்டன்.

— ரூபி!

— கதையாதேங்கோ. எழும்புங்கோ, என்ர தோளைப் பிடியுங்கோ. மடத்தடியில அம்மா கேப்பா. எனக்குச் சொன்னதையே ஒரு சொல்லும் மாறாமல் அவவுக்கும் சொல்லுங்கோ. முதல் மூட்டையை இழுத்தது தம்பிதான் எண்டு நானும் கண்டனானாம்.