தம்பி கழற்றாத பல் உறை

எட்டாம் வகுப்பு மாணவி, வயது பதின்மூன்று, அப்பாவின் டயர் கடைக்கு மேல் மாடியில் குடியிருப்பவள், காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். என் பெயரை இதைக் கொண்டுவரும் வகுப்பு ஆசிரியை சொல்வார். இந்தத் தாள் அப்பா கையில் சிக்கினால் தோலை உரித்துவிடுவார்.

எங்களுக்கு அம்மா இல்லை. என் தம்பிக்கு வயது ஆறு. பிறவியிலேயே அவனுக்கு வலி தெரியாது. உலகத்தில் வெகு சிலருக்குத்தான் இப்படி வருமாம். நாக்கையும் உதட்டையும் தானே கடித்துக் குதறிக்கொள்வான். அதனால் பல் மருத்துவர் பற்களின் மேல் மாட்ட ரப்பர் உறை செய்து கொடுத்து, "புதுப்பல் முளைச்சா உறை இறுகிடும். மாசாமாசம் கூட்டிட்டு வாங்க. வலிக்குதுன்னு இவன் சொல்ல மாட்டான், நாமதான் பாக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா மறுபடி ஒருமுறைகூடக் கூட்டிப்போகவில்லை.

தம்பி உறையைக் கழற்றி எறிந்துகொண்டே இருந்தான். அப்பா அடித்தார். அவன் சிரித்தான். அதன் பிறகு அவன் கழற்றும்போதெல்லாம், அவனை எதிரில் உட்காரவைத்து, டயர் டியூபில் வெட்டிய பட்டையால் என்னை அடித்தார். கடையில் வேலை செய்யும் அண்ணன் ஏன் என்று கேட்டதற்கு, "அந்த இரும்புப் பயலுக்கு ஹாரன் வேலை செய்யலப்பா. அதான் இவ ஹாரனை அமுக்குறேன்" என்றார்.

அதன் பிறகு தம்பி உறையைக் கழற்றவே இல்லை. கழுவித் தருகிறேன் என்றாலும் வாயை இறுக மூடிக்கொண்டு தலையாட்டினான். வாயிலிருந்து செத்த எலி நாற்றம் வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "டாக்டரம்மா, போய்ப் படிங்க" என்றார்.

அதன் பிறகு கன்னம் வீங்கி, காய்ச்சலோடு வகுப்பில் விழுந்தான். மருத்துவமனையில் உறையை வெட்டித்தான் எடுத்தார்கள். அடியில் முளைத்த பல் வழியில்லாமல் ஈறைத் துளைத்து, தாடை எலும்பு அழுகியிருந்தது. பற்களை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டார்கள்.

உறையைக் கழுவாமல் விட்டது நான்தான் என்று அப்பா உங்களிடம் சொல்லியிருக்கிறார். நானும் அப்படியே சொன்னால் தம்பியை மறுபடி அவரிடமே அனுப்பிவிடுவீர்கள். அதனால் அவர் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்று மாலை மருத்துவமனையில் தம்பியைப் பார்த்தேன். கட்டுப்போட்ட வாயால் கேட்டான்: "அக்கா, நான் கழட்டல. டாக்டர்தான் கழட்டுனாரு. அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

இதில் எழுதியதெல்லாம் நான் கண்டது, நான் பட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாளை மாலை நீங்கள் வீட்டுக்கு வந்து கேட்கும்போது அப்பா பக்கத்தில் நிற்பார். நான் வேறு மாதிரி சொல்வேன். அதை நம்பாதீர்கள்.

ஒப்பம்,
அவனுடைய அக்கா