முதல் நாளில் ஐந்து விண்ணப்பங்கள்

கோவளத்திலிருந்து புதுப்பட்டினம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் மடித்து வைத்த வெள்ளைக் கோல். அவர்தான் ஆரம்பித்தார்.

“நீ சொன்ன நன்றி என் காதுல வுழவே இல்ல மச்சான்.”

“எந்த நன்றி?”

“உன் வெப்சைட்ல. வூட்டுக்கு சோலார் ஹீட்டர் வைக்க உதவி கேட்டு எழுதிப் போட்டா, நன்றின்னு வரும்னியே.”

“வருமே. சூரியன் சிரிக்கிற மாதிரி படம் போட்டு, அதுக்குள்ளயே எழுதிக்கீறேன்.”

“அதான் பேஜாரு. எழுத்துன்னா என் கம்ப்யூட்டரு படிச்சிக் காட்டும். படத்த இன்னா பண்ணும்? ‘இமேஜ்’னு சொல்லிட்டு கம்முனு ஆயிடுது.”

மற்றவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“கண்ணு தெரியாதவங்களும் யாரு ஒத்தாசையும் இல்லாம செஞ்சிக்கணும்னு பாத்துப் பாத்துப் பண்ணேன். நாளைக்கே மாத்திடறேன். ஆனா சைட்டு நல்லா போய்கினு கீது மச்சான். இன்னிக்குத்தான் தொறந்தோம், அதுக்குள்ள அஞ்சு பேரு போட்டுக்கீறாங்க. ஆபீஸ் பூரா மைசூர்பாக்கு குடுத்தேன்.”

“பேரெல்லாம் பாத்தியா?”

“இல்ல, எத்தினின்னு மட்டுந்தான் பாத்தேன்.”

“போச்சா இல்லியான்னு தெரியாம நான் பட்டன திரும்பத் திரும்ப அமுக்கிகினு இருந்தேன்.”

மற்றவர் மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

“எத்தினி தபா?”

“அஞ்சு.”

இருவரும் சிரித்த சிரிப்பில், முன்வாசலில் நின்றிருந்த நடத்துநர் திரும்பிப் பார்த்தார். கோல்காரர் கையை நீட்டினார்.

“அப்ப அஞ்சு பேரு மைசூர்பாக்கும் எனக்குத்தான வரணும்? எடு.”